பிளானில் இல்லாத யன்னல்கள்

உம்மா தன் வளவை எங்கள் இரண்டு பேருக்கும் பிரித்தபோது மேற்குப் பாதியை எனக்கும் கிழக்குப் பாதியைத் தங்கச்சிக்கும் எழுதி வைத்தார். எங்கள் ஊரில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். ஆண் பிள்ளைகள் கலியாணம் முடித்துப் பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் எத்தனை பெண் பிள்ளைகளோ அத்தனை துண்டாக வளவு பிரிந்துகொண்டே போகும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. ஊர் அகலிப்பதற்கு இடமில்லை. ஒரு வீடும் ஆறு தென்னையும் நின்ற வளவுகளில் இப்போது நாலு வீடு நிற்கின்றன, தென்னை ஒன்றும் இல்லை.

என் பாதி ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருந்தது. வடக்கே ஒழுங்கை, தெற்கே இன்னொருவரின் மதில். மேற்கே இருந்த வீட்டுக்காரர் ஏற்கனவே எல்லையோடு ஒட்டிச் சுவர் எழுப்பியிருந்தார். நானும் கணவரும் பிளான் கீறுபவரிடம் போனபோது அவர் கடதாசியை இரண்டு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டின் நடுவில் ஒரு சதுரம் கீறி அதற்குள் குறுக்கே இரண்டு கோடு இழுத்தார். பக்கத்தில் ‘வெளி’ என்று எழுதினார்.

“இது என்ன?” என்று கணவர் கேட்டார்.

“இதுக்கு மேல கூரை வராது. மழையும் வெயிலும் உள்ளுக்கு வரும்.”

“ஊட்டுக்குள்ளயா?”

“ஓம். ரெண்டு பக்கமும் எல்லையோட ஒட்டிச் சுவர் வெக்கிறம். அப்பிடி வெச்சா அந்தச் சுவருல யன்னல் வெக்க ஏலா. அடுத்தவன்ட வளவுக்குள்ள யன்னல் தொறக்கச் சட்டம் உடாது. அப்ப நடுவில இரிக்கிற ரெண்டு அறைக்கும் காத்து எங்கால வாற?” அவர் பென்சிலால் அந்த இரண்டு அறைகளையும் தட்டிக் காட்டினார். “அறையிட தரை எவ்வளவோ, அதில ஏழில ஒரு பங்குக்குத் தொறப்பு வேணும். அதுவும் வானம் தெரியிற வெளியில தொறக்கணும். ஹோலுக்குள்ள தொறக்கிற யன்னல் கணக்கில வராது.”

நாங்கள் தலையாட்டினோம். எங்களுக்கு வேண்டியது நகர சபையின் அனுமதி. அது அந்தச் சதுரத்தால் கிடைக்குமென்றால் சதுரம் இருந்துவிட்டுப் போகட்டும். பிளானில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். அனுமதியும் வந்தது.

சுவர் கதவு உயரத்துக்கு வந்த ஒரு நாள், வேலையைப் பொறுப்பெடுத்திருந்த மேசன் அந்தச் சதுரத்துக்கு நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார்.

“இவ்வளவு எடத்தயும் மழைக்கு உடப் போறயளா டீச்சர்? மேலால கூரைச் சீட்டப் போட்டுக் கீழால சீலிங் அடிச்சா எவ்வளவு பெரிய ஹோல் வரும்! ஒரு கலியாணம் காச்சிக்கு ஆறு சஹன் வெக்கலாம்.”

கணவருக்கு அந்தப் பேச்சு பிடித்துப் போயிற்று. எனக்கும்தான். அடுத்த ஒழுங்கையில் கணவரின் தம்பி வீட்டில் அப்படியொரு ஹோல் இருந்தது. பெருநாளுக்குப் போனால் ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஐந்தாறு பேராக, எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவோம். திரும்பி வரும்போதெல்லாம் நமக்கும் இப்படி ஒன்று வேண்டுமென்று பேசிக்கொண்டு வருவோம்.

“அப்ப அறைக்கு வெளிச்சம்?” என்று நான் கேட்டேன்.

“கிழக்குச் சுவருல அறைக்கொண்டா ரெண்டு யன்னல் வெச்சித் தாறன். அங்கால ஒங்கட தங்கச்சிட வெறும் வளவுதானே. யாரு கேக்கப் போற?”

யாரும் கேட்கவில்லை. சபையிலிருந்து ஒருவர் அத்திவாரம் வெட்டியபோது வந்து அளந்துவிட்டுப் போனதோடு சரி. வீடு முடிந்ததும் பிளான்படி கட்டியிருக்கிறோம் என்று காட்டி ஒரு சான்றிதழ் எடுக்க வேண்டும். அதை நாங்கள் எடுக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் எவரும் எடுத்ததாக நான் கேள்விப்படவுமில்லை. கரண்டும் தண்ணீரும் வந்துவிட்டன, குடியும் வந்துவிட்டோம், இனி அந்தக் கடதாசி எதற்கு என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

எட்டு வருடம் அந்த இரண்டு யன்னல்களும் எங்களுக்குக் காற்றுத் தந்தன. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்காற்று எழும்பும். தங்கச்சியின் வெறும் வளவில் நின்ற முருங்கையை அசைத்துக்கொண்டு நேரே எங்கள் அறைகளுக்குள் வரும். மகள் பிறந்தபோது அவளுடைய தொட்டிலை அந்த யன்னலடியில்தான் கட்டினோம். பகலில் மின்விசிறி தேவைப்படவே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்லுவார்கள், நல்ல வீடு, நல்ல காற்று என்று. அது என் வீட்டின் காற்றல்ல, தங்கச்சியின் வளவின் காற்று என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

உம்மா மௌத்தாகி ஒரு வருடத்துக்குப் பிறகு தங்கச்சி தன் பிளானைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதுவரை அவள் இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். அவளுடைய கணவர் கட்டாரில் வேலை. ஹோலில் இருந்த மேசையில் அவள் பிளானை விரித்தாள். மேலும் கீழுமாக இரண்டு தட்டு. எங்கள் பக்கத்துச் சுவர் எல்லைக் கோட்டிலேயே ஒட்டி ஓடியது.

“எல்லையோடயா வருது?” என்று கேட்டேன்.

“ஓம் ராத்தா. எனக்கும் ஒங்களப் போல அதே அளவு நிலந்தானே.”

“அப்ப என்ட யன்னல்?”

அவள் என்னைப் பார்க்காமல் கடதாசியின் மூலையை நீவிக்கொண்டிருந்தாள். “அதத்தான் சொல்ல வந்த. அந்த ரெண்டையும் அடைக்க வேண்டி வரும்.”

“மூணடி உட்டுக் கட்டினா ஒனக்கு என்ன கொறஞ்சி போகும்?”

“மூணடி உட்டா எனக்கு அறை வராது, நடைதான் வரும். நீங்க கட்டக்குள்ள மூணடி உட்டயளா ராத்தா? ஒங்கட சுவரு எல்லையிலதானே நிக்குது?”

பதில் இல்லாதபோது கோபம்தான் வரும். உம்மா இருந்திருந்தால் நீ இப்படிச் செய்வாயா என்று கேட்டேன். உம்மாதான் சரிபாதியாகப் பிரித்துத் தந்தார் என்று அவள் சொன்னாள். தேநீரைக் குடிக்காமலே எழும்பிப் போனாள்.

இரண்டு நாள் கழித்து நான் சபைக்குப் போனேன். கணவருக்குச் சொல்லவில்லை. பாடசாலை விட்டதும், முதல் நாள் எழுதி வைத்திருந்த முறைப்பாட்டுக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் போனேன். கட்டட வேலைகளைப் பார்க்கிற உத்தியோகத்தர் ஒரு இளம் பெண். மண்டூரிலிருந்து வந்து போகிறவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கடிதத்தை முழுவதும் வாசித்தார். பிறகு எழும்பிப் போய் அலுமாரியில் தேடி ஒரு பழைய கோப்பை எடுத்து வந்தார். தங்கச்சியின் கோப்பு என்று நினைத்தேன். அது என்னுடையது.

“டீச்சர், காத்து மறைபடுது எண்டு எழுதியிருக்கிறீங்க. எந்த யன்னலுக்கு?”

“கிழக்குப் பக்கத்தில இரிக்கிற ரெண்டுக்கும்.”

அவர் என் பிளானை என் பக்கம் திருப்பி வைத்தார். “இதில எங்க இருக்கு எண்டு ஒருக்காக் காட்டுங்களன்.”

கிழக்குச் சுவர் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே கோடாக இருந்தது. யன்னலுக்கான அடையாளம் எங்கும் இல்லை. என்னுடைய கையெழுத்தும் கணவரின் கையெழுத்தும் கீழே இருந்தன.

“இந்த நடு வெளி இப்ப எப்பிடி இருக்கு?” என்று கேட்டார்.

நான் என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. குரலை உயர்த்தவில்லை, சிரிக்கவுமில்லை.

“நீங்க இந்தக் கடிதத்தத் தந்தா நான் பதிஞ்சு எடுக்க வேணும். எடுத்தா ரெண்டு வளவையும் வந்து பாக்க வேணும். பாத்தா முதல்ல உங்கட வீட்டப் பத்தித்தான் எழுத வேண்டி வரும். தங்கச்சிட பிளான்ல பிழை இல்ல டீச்சர். அவ எல்லைச் சுவர்ல யன்னல் கேக்கல்ல. பின்னால விட வேண்டிய இடத்த விட்டிருக்கா. நடுவில வெளியும் காட்டியிருக்கா. என்ன செய்வம், தாறீங்களா?”

கடிதத்தை மடித்துத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தேன். வெளியே வந்து முச்சக்கர வண்டிக்குக் காத்திருக்காமல் வீடு வரைக்கும் நடந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, ஏன் இவ்வளவு நாளும் ஒருவரும் வந்து கேட்கவில்லை என்று சபையின் மேலேயே கோபமும் வந்தது. அது நியாயமில்லாத கோபம் என்று தெரிந்துகொண்டேதான் கோபப்பட்டேன்.

தங்கச்சியின் சுவர் எழும்ப இருபது நாள் கூட எடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் பாடசாலையால் வந்து பார்க்கும்போது கல் இரண்டு வரி ஏறியிருக்கும். முதலில் முருங்கையின் அடி மறைந்தது, பிறகு கிளை, பிறகு வானம். கடைசியில் யன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் பூசாத கல் மட்டும் நின்றது. யன்னல்களைச் சாத்திச் சேலைத்துணி போட்டு மறைத்தேன். அவளோடு பேச்சில்லை. வீடு குடிபுகும்போது மகளின் கையில் ஒரு சாமான் கொடுத்து அனுப்பினேன், நான் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் வீடு எப்படிப்பட்டதென்று எங்களுக்குத் தெரியவந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு அறைகளில் லைட் போட வேண்டும். ஹோலின் கூரைச் சீட் வெயிலில் காய்ந்து, சீலிங்கையும் தாண்டிச் சூடு இறங்கும். ஆடி மாதத்தில் மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது ஊரே வறண்டு கிடக்கும், ஆனால் எங்கள் வீட்டுக்குள் அந்தக் காற்றும் வராது, சூடு மட்டும் வரும். முன்னறை யன்னலைத் திறந்தாலும் பிரயோசனமில்லை. வந்த காற்று வெளியே போக வழியில்லாவிட்டால் உள்ளே வராது என்பது எனக்குத் தெரிந்த விசயம்தான். நான் மனைப்பொருளியல் படிப்பிக்கிற டீச்சர். ஒவ்வொரு வருடமும் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் ஒரு வீடு கீறி, எதிரெதிரே இரண்டு யன்னல் வைத்து, காற்று வருகிற வழிக்கும் போகிற வழிக்கும் அம்புக்குறி போடுவேன். அந்த வருடமும் போட்டேன். பிள்ளைகள் கொப்பியில் கீறிக்கொண்டிருந்த நேரம், என் வீட்டின் பிளானும் கிட்டத்தட்ட இதைப் போலத்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் அறைக்கு ஒரு ஏசி வாங்கினோம். அடுத்த வருடம் மகளின் அறைக்கும் ஒன்று. ஏசி போட்டால் கதவைச் சாத்த வேண்டும். கதவைச் சாத்தினால் நடுவில் இருக்கிற ஹோல் இன்னும் அவியும். ஹோலுக்கு இரண்டு மின்விசிறி ஓடும். கரண்ட் பில் வரும் நாளில் கணவர் அதை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவார். நாட்டில் எரிபொருள் இல்லாமல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய அந்த நாட்களில் ஏசி இருந்தும் பிரயோசனமில்லாமல் போயிற்று. பாய்களை முன் விறாந்தையில் போட்டுப் பகல் முழுக்க அங்கேயே கிடந்தோம். பிளானில் இருந்ததை விடப் பெரிய ஹோல் எங்களுக்கு இருந்தது, அதில் மனிதர் இருக்க ஏலாது.

மாரி வந்தபோது வேறு விதமான தொல்லை. மகளின் அறைச் சுவரில் கட்டிலுக்குப் பின்னால் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம் ஏறியது. துடைப்போம், ஒரு கிழமையில் திரும்ப வரும். அவளுக்கு அப்போது பத்து வயது. இருமல் தொடங்கி, மூச்சு இழுக்கிற முட்டாக மாறியது. மருந்து கொடுத்தால் குறையும், அறையில் இரண்டு நாள் படுத்தால் திரும்ப இழுக்கும். மூன்றாம் தரம் கொண்டு போனபோது வைத்தியர் என்னிடம் வீட்டைப் பற்றி விசாரித்தார்.

“பிள்ளைட அறையில எத்தின யன்னல்?”

“ஒண்டு.”

“தொறக்கிறதா?”

“தொறக்கலாம். அங்கால சுவர்.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “மருந்து தாறன். ஆனா அந்த அறைக்குள்ள காத்து வாறதுக்கு ஏதாவது செய்ங்க. இல்லாட்டி இது முடியாது.”

அன்று பின்னேரம் கணவர் கடையால் வந்ததும் சொன்னேன்.

“இஞ்சாருங்க, ஹோலுக்கு மேல இரிக்கிற சீட்டக் கழட்டுவம்.”

“எதுக்கு?”

“பிளான்ல இரிக்கிற மாதிரி வெளியா உடுறதுக்கு.”

“ஒனக்கென்ன விசரா? ஊட்டுக்கு நடுவில மழை பெய்யும். காகம் கண்டதையும் கொண்டு வந்து போடும். கள்ளன் மேலால இறங்குவான். சனம் என்ன சொல்லும், காசில்லாம கூரையக் கழட்டி வித்துட்டாங்க எண்டு சொல்லும்.”

“புள்ளைக்கு முட்டு.”

மகள் அறைக்குள் இருமிக்கொண்டிருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. அவர் சீலிங்கை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “தண்ணி எங்கால போற எண்டு முதல்ல ஆரையாவது கேளு” என்றார்.

எனக்குக் கேட்கத் தெரிந்த ஆள் அந்த உத்தியோகத்தர்தான். திரும்பவும் சபைக்குப் போனேன். அவர் என்னை மறக்கவில்லை. கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கடதாசியில் எனக்குக் கீறிக் காட்டினார்.

“கூரையக் கழட்ட என்னட்ட அனுமதி எடுக்கத் தேவையில்ல டீச்சர். அனுமதி தந்த பிளானே அதுதானே. நிலத்த மட்டும் சுத்தியுள்ள தரைய விட ஒரு படி பதிச்சிருங்க. ஒரு பக்கம் சரிவு வெச்சுக் குழாய் போட்டு, பின்னால ஒரு குழி வெட்டித் தண்ணிய அங்க விடுங்க. மேலால கம்பி வல போடலாம், காகமும் வராது கள்ளனும் வரான். ரெண்டு அறையிலயும் வெளியப் பாத்து யன்னல் உடைக்க வேணும். கிழக்குச் சுவர் யன்னல் ரெண்டையும் கல்லால கட்டி அடைச்சிருங்க. பிறகு எனக்குச் சொல்லுங்க, வந்து பாத்துச் சான்றிதழ் எழுதலாம்.”

“காத்து வருமா மிஸ்? நாலு பக்கமும் சுவர்தானே?”

“சூடான காத்து மேலால போகும். அது போக, முன்னறை யன்னலால புதுக் காத்து உள்ளுக்கு வரும். இப்ப உங்கட வீட்டில சூட்டுக்குப் போற வழி இல்ல, அவ்வளவுதான்.” கோப்பை மூடும்போது கேட்டார். “தங்கச்சிட மொட்டை மாடியில நிண்டா உங்கட வெளிக்குள்ள தெரியுமே. அதப் பத்தி அவவோட கதைச்சீங்களா?”

நான் அதை யோசிக்கவே இல்லை. தங்கச்சி மேல்தட்டுக்கு மேலே உடுப்புக் காயப்போடுவாள். பிளம்பர், கட்டட வேலையாட்கள் என்று அந்நிய ஆண்களும் ஏறுவார்கள். வீட்டுக்கு நடுவில் நாங்கள் தலையில் முந்தானையில்லாமல் இருக்க ஏலாது. அவளோடு பேசாமல் இந்த வேலையைத் தொடங்க முடியாது.

பேசி இரண்டரை வருடம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை லுஹர் தொழுதுவிட்டுப் போனேன். அவள்தான் கதவைத் திறந்தாள்.

“வாங்க ராத்தா.”

உள்ளே போய் இருந்தேன். நல்ல வெயில் நேரம். முதலில் நான் கவனித்தது அவளுடைய முகத்தையோ வீட்டின் அலங்காரத்தையோ அல்ல, என் முழங்கையில் காற்றுப் பட்டதைத்தான். மின்விசிறி ஓடவில்லை. ஹோலுக்கு அப்பால் ஒரு சின்ன வெளி இருந்தது, எங்கள் பிளானில் கீறியிருந்ததை விடச் சின்னது. அதற்குள் ஒரு கறிவேப்பிலைச் செடியும் பிள்ளைகளின் சைக்கிளும் நின்றன. மேலே வானம் தெரிந்தது.

“நீ இத மூடல்லையா?” என்று கேட்டேன். இரண்டரை வருடத்துக்குப் பிறகு நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவள் சிரித்தாள், ஆனால் சந்தோசமாக அல்ல. “மூடத்தான் நினச்ச. மச்சானும் கட்டார்ல இரிந்து ஒவ்வொரு நாளும் சொன்னாரு, சீட்டப் போடு, சீட்டப் போடு எண்டு. நீங்க சபைக்குப் போன பொறகு அந்த மிஸ் மூணு தரம் வந்து பாத்தா. மூட உடவே இல்ல.”

“நான் போனது ஒனக்குத் தெரியுமா?”

“இந்த ஊருல எது தெரியாம இரிக்கும்? நீங்கதான் எழுதிக் குடுத்திட்டயள் எண்டு நினச்சி ஒங்கள எவ்வளவு ஏசின தெரியுமா!”

“எழுதிக் குடுக்கல்ல. கொண்டு போன கடிதத்தத் திரும்பக் கொண்டு வந்துட்டன்.”

“ஏன்?”

சொன்னேன். என் பிளானில் யன்னலே இல்லாததையும், வெளியை நாங்கள் மூடியதையும், அந்தப் பெண் கோப்பைத் திருப்பிக் காட்டியதையும் எல்லாம் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்தத் தரம் உண்மையான சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு மகளின் முட்டைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள். “ஏன் ராத்தா எனக்குச் சொல்லல்ல?” என்று கேட்டாள்.

மொட்டை மாடிப் பிரச்சினையைச் சொன்னதும் அவள் என்னை மேலே கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு பேரும் கைப்பிடிச் சுவரோடு நின்று எங்கள் கூரைச் சீட்டைப் பார்த்தோம். அதில் துரு ஏறியிருந்தது, ஒரு பழைய பந்தும் கிடந்தது. அவள் கையை உயர்த்தித் தன் நெற்றிக்கு மேல் பிடித்துக் காட்டினாள்.

“இவ்வளவு உயரத்துக்குத் துளைக்கல்லு வெச்சிக் கட்டுறன். காத்துப் போகும், ஆள் தெரியாது. காணுமா?”

“காணும், அவ்வளவு போதும்” என்றேன்.

வேலை பாடசாலை விடுமுறையில் தொடங்கியது. சீட்டைக் கழற்றிய அன்று ஹோலில் விழுந்த வெயிலைப் பார்த்து மகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். தரையில் நாங்கள் ஆசைப்பட்டுப் பதித்த மாபிளை உடைத்து எடுக்கும்போது கணவர் கடைக்குப் போய்விட்டார், பார்க்க விரும்பவில்லை என்று எனக்குத் தெரியும். ஆறு சஹன் வைக்கிற ஹோல் சுருங்கி, வெளியைச் சுற்றிய நடையாகப் போயிற்று. பத்துப் பதினொரு வருடத்தில் அந்த ஹோலில் நாங்கள் சஹன் வைத்தது இரண்டே தரம்.

முதல் பெருமழைக்கே குழாய் அடைத்துக்கொண்டது. மேசன்மார் சீமெந்துக் கட்டிகளைக் குழாய்க்குள் விட்டிருந்தார்கள். தண்ணீர் பதிந்த நிலத்தை நிறைத்துப் படி விளிம்பு வரைக்கும் வந்தது. கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியால் அள்ளி அள்ளி ஊற்றினார். “நான் அப்பவே சொன்ன” என்று ஒவ்வொரு வாளிக்கும் சொன்னார். தங்கச்சியின் கணவர் அப்போது விடுமுறையில் வந்து நின்றார். நீளக் கம்பியொன்றைக் கொண்டு வந்து குழாயைக் குத்தி எடுத்துத் தந்தார். அடைப்பு விட்டுத் தண்ணீர் சத்தத்தோடு இறங்கியபோது இரண்டு ஆண்களும் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டவர்களைப் போல அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நுளம்பு வருகிறது, யன்னலுக்கு வலை அடித்திருக்கிறோம். வாடைக் காலத்தில் தூவானம் நடை வரைக்கும் வந்து விழும், அடிக்கடி துடைக்க வேண்டும். கச்சான் அடிக்கிற நாட்களில் எங்கள் அறையில் இப்போதும் ஏசி போடுகிறோம். மகளின் அறையில் இருந்ததைக் கழற்றி விட்டோம். அவளுடைய சுவர் காய்ந்துவிட்டது. முட்டு முழுவதும் போகவில்லை, ஆனால் போன மாரிக்கு ஒரே ஒரு தரம்தான் வைத்தியரிடம் கொண்டு போனேன். பகலில் லைட் போடுவதில்லை. கணவர் வெள்ளிக்கிழமைகளில் வெளியைப் பார்த்துக் கதிரையைப் போட்டுக்கொண்டு பத்திரிகை வாசிக்கிறார். அது அவருடைய யோசனை என்று வருகிறவர்களுக்குச் சொல்லுவதாகக் கேள்வி.

தங்கச்சியும் நானும் முன்பு போல் இல்லை. ஒரு சொல்லைச் சொல்லுமுன் இரண்டு பேரும் கொஞ்சம் யோசிக்கிறோம். ஆனால் கறி வைத்தால் ஒரு கோப்பை அங்கே போகிறது, ஒரு கோப்பை இங்கே வருகிறது.

சான்றிதழுக்காக அந்த உத்தியோகத்தர் வந்தபோது நாடாவைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். யன்னல்களை அளந்தார். கல் வைத்து அடைத்துப் பூசிய இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். வெளியின் நீள அகலத்தைப் பிளானோடு ஒப்பிட்டார். எல்லாவற்றுக்கும் சரி போட்டுக்கொண்டே வந்து, குசினிக் கதவால் பின்பக்கம் இறங்கியதும் நின்றார்.

“டீச்சர், இது என்ன?”

குசினிச் சுவரிலிருந்து பின்மதில் வரைக்கும் ஒரு தகரம் இறக்கியிருந்தோம். அதற்குக் கீழே காஸ் சிலிண்டரும் தேங்காய் மட்டையும் உடைந்த கதிரையும் கிடந்தன. அது எப்போது வந்ததென்று எனக்கே ஞாபகமில்லை.

“இது பின்னால விட வேண்டிய வெளி. மூட ஏலாது.”

“மழை பெஞ்சா சாமான் நனையும் எண்டு போட்டது மிஸ்.”

“தெரியும் டீச்சர். எல்லார் வீட்டிலயும் இருக்கு. கழட்டின பிறகு சொல்லுங்க, திரும்ப வாறன்.” தேநீரைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த வெள்ளி, ஜும்ஆவுக்கு முன் கணவரும் விடுமுறையில் நின்ற தங்கச்சியின் கணவரும் சேர்ந்து அந்தத் தகரத்தைக் கழற்றினார்கள். கோழிக்கூடு அடிக்க வேண்டும், எனக்குத் தாங்க என்று தங்கச்சி பக்க மதிலுக்கு அங்கால் நின்று கேட்டாள். நாலு பேருமாகப் பிடித்துத் தூக்கி மதிலுக்கு மேலால் கொடுத்தோம். அவள் அதைத் தன் பின்வளவில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து, “ராத்தா, கோழிக்கூட்டுக்கும் சட்டம் இரிக்கா?” என்று கேட்டாள்.

எங்களில் யாருக்கும் தெரியவில்லை.